சாயாக்கடைக் கிணறு

மஞ்சேரிப் பக்கம் என் சாயாவுக்கு இருக்கும் பெயரெல்லாம் எங்கள் கிணற்றால் வந்தது என்று, கடை திறந்த நாளிலிருந்து நானேதான் தம்பட்டம் அடித்து வந்தேன். அதனால், வேதியியல் பாடத்தோடு சேர்த்து வார்டுக் கிணறுகளையும் சோதித்து, முடிவை வார்டுக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்று என் மகள் நஜ்லாவின் பள்ளிக்கூடம் பிள்ளைகளை அனுப்பியபோது நான் மாட்டிக்கொண்டேன். கிணற்றை ஒட்டிக் கழிப்பறைக் குழி தோண்டிய புத்திசாலியும் நான்தானே.

தண்ணீர் பிடிக்க நஜ்லா ஒரு குப்பி தந்தாள். பள்ளிக்கூடத்தில் அதில் மருந்து சேர்ப்பார்களாம். கெட்ட தண்ணீர் என்றால் கறுத்துவிடுமாம். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி நீட்டினேன்.

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பன் பக்கம் திரும்பினாள். "உப்பா, நம்ம கிணத்துல எப்போ இருந்து பதிமுகம் ஊறுது?"

கடையில் குடிக்கக் கொடுப்பதெல்லாம் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய சிவந்த தண்ணீர். அவசரத்தில் அது மறந்துபோனது. அவளே வாளியை இறக்கி இறைத்துக்கொண்டு போனாள். குப்பி கறுத்தது.

"இதைக் கூட்டத்துல காட்டுவியா? என் கடையை மூடவா உன்னைப் படிக்கவெச்சேன்?" என்று கத்தினேன்.

"நம்ம கிணத்தை ஒளிச்சுட்டு மத்தவங்க கிணத்தைக் குறை சொன்னா, யாரு உப்பா எனக்குக் கதவு திறப்பாங்க?"

வார்டுக் கூட்டத்தில் முதலில் எங்கள் குப்பியைத்தான் எடுத்தாள். "இது பீரான் சாயாக்கடைக் கிணறு. எங்க கிணறு."

தினமும் என் கடையில் பழியாய்க் கிடக்கும் சைதலவி எழுந்தான். "அப்போ இத்தனை நாளா எங்களுக்கு என்னடா ஊத்துனே, பீரானே?"

கூட்டம் சிரித்தது. நான் முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவளுக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

"சாயா கொதிச்சதுதான், சைதலவிக்கா. கிளாஸ் கழுவுற தண்ணிதான் ஆபத்து. குழியை மாத்தி, கிணத்தைச் சுத்தம் பண்ணுற வரைக்கும் அதையும் காய்ச்சித்தான் கழுவணும்."

சைதலவி தலையைச் சொறிந்தான். "மோளே, அன்னைக்கு தண்ணி எடுக்க வந்த உன்னை வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். நாளைக்கு வா, எங்க கிணத்தையும் பாரு."

அவனுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் உயர்ந்தன. என் மகளை நோக்கி உயர்ந்த கைகள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாளே குழியை மூட ஆள் வைத்தேன். கறுத்த குப்பியை அவளிடம் கேட்டு வாங்கி, கடை முகப்பில் பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவே வைத்தேன்.

"இதென்ன பீரான்க்கா, புது சர்பத்தா?" என்றான் வழிப்போக்கன் ஒருவன்.

"எங்க கிணத்துத் தண்ணிடா. என் மோள் கண்டுபிடிச்சது!"

சாயாவுக்கு அடித்த தம்பட்டத்தைவிடச் சத்தமாகவே சொன்னேன்.