வால்வக்கா கார்டை மூடிய கதை

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை, கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் பத்திரிகை. அதன் ஆசிரியர் போனில் சொன்னார்: "சார், கிரெடிட் கார்டைப் பொறுப்பா பயன்படுத்தினா நல்ல பேர் கிடைக்கும்னு ஜனங்களுக்குப் புரியணும். அறிவுரை மாதிரி இருக்கக்கூடாது. முடிவு மட்டும் சந்தோஷமா இருக்கட்டும்." அவர் பேசி முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆனாலும் சரி என்றேன். எழுதுகிறவனுக்கும் வீட்டு வாடகை உண்டு.

2

"காலைச் சூரியன் வங்கியின் கண்ணாடிக் கதவில்..."

(வேண்டாம். சூரியனை வைத்து ஆரம்பித்து நான் கெடுத்த கதைகள் போதும்.)

"கடன் என்பது ஒரு மனிதன் இன்னொருவன் மேல் வைக்கும் நம்பிக்கையின்..."

(அடக் கடவுளே.)

"அவளுக்கு வங்கியில் கடன் தர முடியாது என்றார்கள், ஏனென்றால் அவள் அதுவரை யாரிடமும் கடன் வாங்கியதே இல்லை."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அவள் ஒரு மருத்துவமனை கேன்டீனில் அடுப்புகளுக்குப் பொறுப்பு. வேலை முடிந்ததும் கேஸ் வால்வை மூடிவிட்டுத்தான் கிளம்புவாள். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். அதனால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் வால்வக்கா.

கணவர் இறந்தபின் மகளோடு தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி நல்லவன். தம்பி மனைவியும் நல்லவள்தான். (அவள் கொஞ்சம் முகம் சுளித்திருந்தால் எனக்குக் கதை எழுத வசதியாக இருந்திருக்கும்.) ஆனால் வீடு சின்னது. மகள் இஸ்திரி போடும் பலகையில் புத்தகத்தை விரித்துப் படிப்பாள். மாமா சட்டையோடு வந்து நின்றால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஒரு மேசை வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "புது வீட்டுல வாங்கிக்கலாம்டி."

அந்தப் புது வீட்டுக்காகத்தான் வால்வக்கா வங்கிக்குப் போனாள்.

"உங்க பேர்ல ஒரு வரலாறும் இல்லையே அக்கா," என்றாள் கடன் பிரிவில் இருந்த பெண். "நீங்க ஒழுங்கா திருப்பிக் கட்டுவீங்கன்னு எதை வச்சு நம்புறது?"

"நான் யார்கிட்டயும் கை நீட்டினதே இல்லையேம்மா!"

"அதான் பிரச்சினை. சின்னதா ஒரு கார்டு தரேன். கொஞ்சமா செலவு பண்ணுங்க. பில் வந்ததும் கடைசித் தேதிக்கு முன்னாடி முழுசா கட்டிடுங்க. ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

4

வருஷம் முழுக்க அப்படியே செய்தாள். சோப்பு, பால், பஸ் பாஸ். அதைத் தாண்டி அந்தக் கார்டு எதையும் பார்த்ததில்லை. பில் வந்த அன்றே முழுவதும் கட்டினாள்.*

(* பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். வால்வக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு வச்ச பொறி?" என்றாள். இந்த வரியைப் பத்திரிகை கட்டாயம் வெட்டிவிடும்.)

ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குப் போடும் கடன் மதிப்பெண் அவள் பேரில் ஏறியது. "சபாஷ் அக்கா! இப்ப வீட்டுக் கடனுக்கு எழுதிக் குடுங்க," என்றாள் வங்கிப் பெண். வால்வக்கா விண்ணப்பம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, வங்கிக்குப் போன் போட்டு, கார்டை மூடச் சொல்லிவிட்டாள்.

5

"சார், இவ்வளவு விவரமானவங்க இப்படிப் பண்ணுவாங்களா? நம்பும்படியா இல்லையே!" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

எனக்கும் சந்தேகம் வந்தது. தம்பி அந்தக் கார்டை எடுத்துத் தாறுமாறாகச் செலவழித்ததாக எழுதிப் பார்த்தேன். பாவம், அவன் மேல் வீண்பழி. அந்த வரிகளை அடித்துவிட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் கார்டையும் மூடத்தான் செய்வாள்.

"இருந்த ஒரே கணக்கையும் ஏன்க்கா மூடினீங்க?" என்றாள் வங்கிப் பெண்.

"வேலை முடிஞ்சா மூடிடணும் இல்லையாம்மா?"

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஓடுற கணக்கு ஒண்ணுமே இல்லைன்னு மேலிடத்துல உங்க விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வேற கார்டு எடுத்துத் தரேன். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க."

இந்த இடத்தில் வால்வக்கா அழ வேண்டும் என்று நினைத்தேன். அவள், "இங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. எனக்கும்தான்.

6

ஆசிரியர் கேட்ட முடிவு: மேலாளரே எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டு, கடனைக் கொடுத்து, வால்வக்கா கையில் சாவியோடு... (எழுதினேன். படித்தேன். கிழித்தேன்.)

இன்னொரு முடிவு: புதுக் கார்டு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அதை இரண்டாக... (படிக்கிறவர்களுக்கு ஜோராக இருக்கும். மறுநாள் மகள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்?)

7

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு மரச்சாமான் கடை. புதுக் கார்டு பையில் இருக்கிறது. மகள் ஒரு மேசையின் காலை மடக்கிக் காட்டுகிறாள்.

"பாத்தியாம்மா? புது வீட்டுக்குப் போறப்ப தூக்கிட்டுப் போயிடலாம்."

"இப்ப எங்கடி வைப்ப? அத்தை என்ன நினைப்பா?"

"ஜன்னல் ஓரமா. அத்தைகிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

"எப்பக் கேட்ட?"

"நீ கார்டை மூடிட்டேன்னு சொன்ன அன்னைக்கே."

வால்வக்காவுக்குச் சுருக்கென்றது. தான் விண்ணப்பத்தை நம்பிக் காத்திருந்த நாளெல்லாம், கடன் வராது என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

மேசைக்கான பணம் அடுத்த சம்பளத்தில் முழுசாகக் கட்டக்கூடியதுதான். அதில் அவளுக்குப் பயமில்லை. ஆனால் மேசையை வாங்கி அந்த ஜன்னலோரம் போட்டுவிட்டால், இன்னும் ஒரு வருஷம் தம்பி வீட்டில்தான் என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி. போடாவிட்டால், மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் இஸ்திரிப் பலகை.

அவள் எடுத்துக் கொடுத்த கார்டைச் செருகி, கடைக்காரர் இயந்திரத்தை அவள் பக்கம் நகர்த்துகிறார். "நம்பரைப் போடுங்கம்மா."

அவள் விரல் பொத்தான்களுக்கு மேலே நிற்கிறது. மகள் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒருவர் ரகசிய எண் போடும்போது எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கள்.