எரிகிற காராக நின்ற அக்கா

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியமும் என்னுடையதில்லை. பேருந்து ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

இரண்டு நகரங்களுக்கு நடுவில், எந்த நகரமும் சொந்தம் கொண்டாடாத ஒரு கூட்டுரோடு. பேருந்து அங்கே ஆள் ஏற்ற நின்றது. சாலையோரம் புதிதாகத் தளம் போட்ட ஒரு முற்றம். அதில் ஆளுயரத்துக்கு இரண்டு சார்ஜர் மெஷின்கள், பாலித்தீன் உறைகூடக் கழற்றாமல். குறுக்கே ஒரு ரிப்பன். வண்டி நிறுத்தக் கோடு போட்டிருந்த கட்டத்துக்குள் வண்டி இல்லை. காக்கிச் சீருடையில் ஒரு பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்களா என்று விசாரிக்கிற குரலில் அவர் சொன்னார்:

"நான் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பேருந்து கிளம்பிவிட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவரிசை. கல்லூரி மலருக்கு 'கிராமப்புறங்களில் மின்வாகனம்' என்ற தலைப்பில் யாராவது எழுதியாக வேண்டும் என்று குழு கூடி முடிவு செய்தது. அந்தக் கூட்டத்துக்கு வராதவன் நான் ஒருவன்தான். ஆகவே என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

2

முதல் தொடக்கம்:

மாலைச் சூரியன் மெல்லச் சரிந்துகொண்டிருந்த வேளையில், நவீனத்தின் விடிவெள்ளி அந்தச் சிற்றூரில்—

சூரியன் சரியும்போது விடிவெள்ளிக்கு அங்கே என்ன வேலை? விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

தீ தன் செந்நாக்கை நீட்டி வானத்தை—

'தீக்கு நாக்கு இருக்குன்னு எழுதறவங்க யாரும் அதைப் பக்கத்துல நின்னு பாத்ததில்ல தம்பி' என்கிறாள் கதாநாயகி. அவளை நான் இன்னும் அறிமுகமே செய்யவில்லை. அதற்குள் வாக்கியத்தைத் திருத்துகிறாள்.

(பேருந்திலிருந்து பார்த்தபோது 'நின்றிருந்தார்'. கதைக்குள் வந்ததும் 'திருத்துகிறாள்'. நெருங்கிவிட்டால் மரியாதை தேய்வது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.)

சரி, சுற்றி வளைக்கவில்லை. ஓர் அக்கா, ஒரு தங்கை. அக்கா அந்த வட்டாரத் தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி. தங்கை கூட்டுரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறாள். மின்வண்டிக்காரர்கள் அந்தச் சாலைப் பக்கமே வருவதில்லை, நடுவில் சார்ஜ் போட இடமில்லை என்று. வண்டி வருவதில்லை என்பதால் இடம் போட யாரும் முன்வரவில்லை. வண்டியா இடமா, எது முதலில் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. யாராவது ஒருவர் முதலில் எழுந்திருக்க வேண்டும். தங்கை எழுந்தாள். கடையை ஒட்டிய தன் காலி மனையில் தளம் போட்டாள், கம்பெனி இரண்டு சார்ஜர்களை அனுப்பியது.

இன்று திறப்பு விழா. அக்கா பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் போடாவிட்டால் மெஷின்கள் வரிசையில் அடுத்து நிற்கிற ஊருக்குப் போய்விடும். ஏற்றிப்போக லாரி வந்தாயிற்று. லாரிக்காரர் முன்சீட்டில் காலை நீட்டித் தூங்குகிறார்.

3

அக்கா மெஷின்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அவசர சுவிட்ச் எங்கடி?"

தங்கை பெருமையாகக் கையைக் காட்டினாள். இரண்டு மெஷின்களுக்கும் நடுவே ஓர் இரும்புப் பெட்டி. அதில் கைப்பிடி அளவுப் பூட்டு.*

"பூட்டு எதுக்கு?"

"பசங்க விளையாட்டா அமுக்கிட்டா மொத்தமும் நின்னுடும்க்கா. அதான் இவரு பாத்துப் பாத்து நல்ல பூட்டா வாங்கிப் போட்டாரு."

"சாவி?"

"இவருகிட்ட."

"மாப்பிள்ளை எங்க?"

"முடி வெட்டிக்கப் போயிருக்காரு. திறப்பு விழாவாச்சே."

அக்கா நேராக நடந்துபோய் வண்டி நிற்கிற கட்டத்துக்குள் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் இப்போ ஒரு கார். சார்ஜ் ஏறிட்டிருக்கு. அடியில புகை வருது. நீங்க பாத்துட்டீங்க. ம், ஆரம்பிங்க."

கம்பெனி இன்ஜினியர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன், சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் நிறுத்தினான்.

"எரியுறேன்," என்றாள் அக்கா.

இன்ஜினியர் பதறிப்போய் டயர் கடை வாசலில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"கரண்டு இன்னும் ஓடுதுப்பா. தண்ணியோட என்கிட்ட வந்துட்டியா? இப்ப நீயும் எரியுறே. வா, இப்படி நில்லு."

அவன் வாளியோடு கட்டத்துக்குள் போய் அக்கா பக்கத்தில் நின்றான்.

தங்கை போனை எடுத்தாள். "ஏங்க, சாவியை எடுத்துக்கிட்டு உடனே ஓடி வாங்க! அக்கா எரியுது!"

மாப்பிள்ளை ஓடி வந்தார். கழுத்தில் சலூன் துணி, பாதித் தலை வெட்டியது, பாதித் தலை பழையது. கண்ணில் நிஜமான தண்ணீர். அக்கா முழுசாக நிற்பதைப் பார்த்ததும் மூச்சு வாங்கியபடி பெட்டியைத் திறக்கப் பாய்ந்தார். கொத்தில் எட்டுப் பத்துச் சாவிகள். முதல் சாவி வீட்டுக் கதவு. இரண்டாவது பீரோ.

"நான் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

(பேருந்து இந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.)

"மாப்பிள்ளை, நீங்களும் கட்டத்துக்குள்ள வந்துடுங்க. பூட்டு மட்டும் தப்பில்ல, பெட்டி இருக்கிற இடமே தப்பு. நான் எரியும்போது என்கிட்ட வந்துதான் என்னை அணைக்கணும்னா எப்படி? தூர நின்னு கை எட்டணும்."

இப்போது கட்டத்துக்குள் மூன்று பேர் எரிந்துகொண்டிருந்தார்கள்.

* அவசர சுவிட்ச் என்பது சார்ஜரின் மின்சாரத்தை ஒரே தட்டில் நிறுத்துகிற சிவப்புப் பொத்தான். யார் வேண்டுமானாலும் அமுக்க முடியும் என்பதுதான் அதன் ஒரே தகுதி. அதைப் பூட்டி வைப்பது, தும்முவதற்கு முன்னால் விண்ணப்பம் போடச் சொல்வது மாதிரி.

4

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் நிஜமாகவே தீ வைக்கத்தான் திட்டம்.

கதை என்றால் ஏதாவது எரிய வேண்டும். அக்கா பாய்ந்து காப்பாற்ற வேண்டும், தங்கை அழ வேண்டும், மலர்க்குழுத் தலைவர் 'உருக்கம்' என்று ஓரத்தில் எழுத வேண்டும். நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை ஒரு பழைய காரைக் கொண்டுவந்து மெஷினில் மாட்டினேன். அதன் பேட்டரி அடியில் அடிபட்டிருப்பதைப் பார்த்து அக்கா கழற்றச் சொல்லிவிட்டாள். அடுத்த தடவை மெஷினுக்குப் பின்னால் காய்ந்த புல்லை வளர்த்தேன். அவள் போன வாரமே ஆள் விட்டு வெட்டியிருந்தாள். நான்காவது தடவை நான் பத்தியைத் தொடங்கும்போதே 'என்ன தம்பி, மறுபடியுமா?' என்று கேட்டாள்.

இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படித்தான் எழுதுவது? எங்களுக்குச் சோறு போடுவதே விபத்துதான். அவளோ அது பிறக்கும் முன்பே வாசலில் போய் நின்று திருப்பி அனுப்புகிறாள். எரிந்ததை அணைத்தவருக்கு மாலை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எரியாமல் போன ஒன்றுக்கு யாராவது மாலை போட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கதை. (குழுவிடம் சொல்லாதீர்கள். நான் கிண்டல் செய்யத்தான் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.)

இன்னொரு சந்தேகம் தங்கை மேல். முதல் பிரதியில் அவளைப் பேராசைக்காரியாக எழுதியிருந்தேன். சுலபமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: இந்தக் கதையில் துணிந்து முதல் அடி வைத்தவளே அவள்தான். ஆகவே அடுத்த பகுதியில் அவளைப் பேச விடுகிறேன்.

5

"போதும்க்கா உன் நாடகம்!" என்றாள் தங்கை. "வேற யாராவது போட்டிருந்தா, 'பூட்டைக் கழட்டிடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பே. எனக்குன்னு வரும்போதுதான் உனக்கு எல்லாம் கண்ணுல படும். சைக்கிள் கத்துக்கிட்டப்பவும் இப்படித்தான். பின்னாடி பிடிச்சுக்கிட்டே வந்தே, கடைசி வரைக்கும் விடவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் எனக்கு சைக்கிள் வரல."

"முட்டி உடையல இல்ல?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. அதை வச்சுக்கிட்டு நடந்தே போறேன்!"

மாப்பிள்ளை சலூன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் அந்த லாரி போச்சுன்னா மெஷின் திரும்பி வராது. இந்த ரோட்டுக்கு இன்னும் எத்தனை வருஷத்துக்கு எதுவும் வராது. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிக்கறே."

அதுவரை, அக்காவை ஏற்றி வந்த தீயணைப்பு வண்டியில் சாய்ந்து நின்ற ஓட்டுநர் அசைந்தார். அவருக்கு 'அவசரம்' என்று பேர். எதற்கும் அவசரப்படாததால் வந்த பேர். மெதுவாகப் போய் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் தூக்கினார்.

"தங்கச்சிம்மா, இதைப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

உள்ளே வரிசையாக இரும்பு வளையங்கள். வளையத்தின் ஒரு வாய் எல்லாவற்றிலும் ஒரே அளவு. மறு வாய் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு. பெயிண்டில் எழுத்து வேறு: கிழக்குக் கிணறு. வாத்தியார் கிணறு. செங்கல் சூளை.

"பேட்டரி வண்டி எரிஞ்சா எங்க டேங்க் தண்ணி பத்தாது. அணைச்ச பிறகும் உள்ளுக்குள்ள கனன்று மறுபடி பத்திக்கும். தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். சுத்திலும் கிணறு இருக்கு, பம்ப்செட் இருக்கு. ஆனா அந்தக் குழாய் வாயும் எங்க ஹோஸ் வாயும் ஒண்ணோட ஒண்ணு சேராது. மெஷின் வரப்போகுதுன்னு நீங்க சொன்ன நாள்லேருந்து லீவு நாளெல்லாம் உங்கக்கா வயல் வயலாப் போயி குழாய் வாயை அளந்துச்சு. லேத் பட்டறையில உக்காந்து ரெண்டையும் சேக்கற இந்த வளையத்தை ஒவ்வொண்ணா கடைஞ்சு வாங்குச்சு. ஒருத்தரு நாயை அவிழ்த்து விட்டாரு. அதையும் சமாளிச்சு அளந்துட்டுத்தான் வந்துச்சு."

தங்கை ஒரு வளையத்தைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவசரம்!" கட்டத்துக்குள்ளிருந்து அக்கா கத்தினாள். "ஒருத்தி இங்க எரிஞ்சுக்கிட்டிருக்கேன், நீ அங்க கதை சொல்லிட்டிருக்கே!"

6

சுவிட்சை முற்றத்து வாசல் தூணுக்கு மாற்றினால் போதும், இன்றே கையெழுத்து என்றாள் அக்கா. கேபிள் என் வேனில் இருக்கிறது, சின்ன வேலைதான் என்றான் இன்ஜினியர். ஆனால் கம்பெனி வரைபடத்தை மாற்ற தலைமை அலுவலகம் வாய்திறந்து சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்தால் அவன் வேலை போய்விடும். போன் போட்டான். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு குரல். பிறகு புல்லாங்குழல்.

புல்லாங்குழல் வாசிக்கிற நேரத்தில் முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, சரி என்கிறார்கள். ரிப்பன், கைதட்டல், முதல் ஸ்கூட்டர். நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே மலர்க்குழுவில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

மாட்டோம் என்கிறார்கள். லாரி போகிறது. வளையங்கள் வண்டிக்குள் துருப்பிடிக்கின்றன. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. மீதிப் பாதிக்கு இதுதான் இலக்கியம்.

அல்லது அக்கா பாசத்தில் இளகி அப்படியே கையெழுத்துப் போட்டுவிடு— இந்த இடத்தில் 'பேனா ஓடவில்லை' என்று எழுதுவது வழக்கம். என் பேனா நன்றாகவே ஓடியது. அக்காதான் கட்டத்தை விட்டு நகரவில்லை.

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்க, தங்கை என்னைக் கேட்காமலே டயரில் குறி போடுகிற சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வாசல் தூணுக்குப் போனாள். நெஞ்சு உயரத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

"இதான் சுவிட்ச். அக்கா, இன்னொரு தடவை எரி."

அக்கா மற்ற இருவரையும் கட்டத்தை விட்டு வெளியே அனுப்பினாள்.

"எரியுறேன்."

தங்கை வட்டத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "எல்லாரும் ரோட்டுப் பக்கம் போங்க! யாரும் கிட்ட வராதீங்க!" போனைக் காதில் வைத்து, எந்த இடம், என்ன வண்டி, சார்ஜில் இருந்ததா என்று கடகடவென்று ஒப்பித்தாள். இன்ஜினியர் ஒரு காதில் புல்லாங்குழலோடு மறுகையால் வண்டிகளைத் தூரவே நிறுத்தினான். அவசரம், 'வாத்தியார் கிணறு' வளையத்தை ஹோஸில் மாட்டி இறுக்கிவிட்டு, வழக்கம்போல் நடந்தே வந்தார். தீயணைப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு அக்காவின் பூட்ஸுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்.**

அக்கா கட்டிய கையைப் பிரித்தாள்.

"அணைஞ்சுட்டேண்டி," என்றாள். "ஆனா மறுபடி பத்திக்கிட்டாலும் பத்திக்குவேன். இழுத்துட்டுப் போயி தனியா விட்டு, ஒருத்தர் தூர நின்னு கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன்," என்றாள் தங்கை.

** மின்வண்டி சத்தம் போடாது. நிற்கிறது என்று நாம் நினைக்கும்போது அது கிளம்பத் தயாராக இருக்கலாம். ஆகவே முதலில் சக்கரத்துக்குக் கட்டை. அக்கா அன்று கிளம்பும் உத்தேசத்தில் இல்லை, இருந்தாலும் முறை முறைதான்.

7

புல்லாங்குழல் நின்றுவிட்டது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்தில் யாரை உட்கார வைப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். சிடுசிடுப்பான மேலாளர்? நல்ல மனசுக்காரக் குமாஸ்தா? யாரை வைத்தாலும் வாசகர்கள் 'உன் வசதிக்கு வைத்துக்கொண்டாய்' என்பார்கள். ஆகவே அந்த நாற்காலியைக் காலியாகவே விட்டேன். நீங்களோ இவ்வளவு நேரமாக உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள்; அந்த நாற்காலியில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினியர் போனை ஸ்பீக்கரில் போட்டு முற்றத்தின் நடுவில் நீட்டிப் பிடித்திருக்கிறான். மாப்பிள்ளை பாதித் தலையைத் துணியால் மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அக்கா கட்டத்தை விட்டு வெளியே வந்து தங்கையின் தோளை ஒட்டி நின்றுகொண்டாள், போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி. லாரிக்காரர் எழுந்து சோம்பல் முறிக்கிறார்.

"வணக்கம்ங்க... சாருங்களா, மேடம்ங்களா தெரியல. ஒரே ஒரு மாத்தம்தான். சுவிட்சைப் பெட்டியிலேருந்து எடுத்து வாசல் தூணுக்குக் கொண்டுவரணும், பூட்டு இல்லாம. கேபிள் கையில இருக்கு. இந்த அம்மா கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"பேசச் சொல்லுப்பா," என்றாள் தங்கை, மெதுவாக.

"ஹலோ... லைன்ல இருக்கீங்களா?"