இசக்கிக்கு ஒரு வில்லை

விடிவதற்கு முன்பே வெயிலுமுத்து சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியிருந்தான். முழங்கால்வரை வெள்ளைத் தண்ணீர். கொக்கியைப் போட்டு எருமைத்தோலை இழுத்தால், செத்த மாடு எழுந்து மல்லுக்கு நிற்கிற மாதிரி கனக்கும். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து புண். தாராவித் தோல் பட்டறையில் இதற்குப் பெயர் வேலை. அடுத்த குழித் தோலை மறுநாள் காலையில் தூக்கியாக வேண்டும். ஒரு பொழுது தப்பினாலும் தோல் ஊறிக் கெட்டுப்போகும்.

அன்றைக்கு அவன் கண் தோலில் இல்லை. கொட்டகை ஓரத்து உருளை மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தது. அதில்தான் அவன் மச்சினன் இசக்கியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. முந்தின மாசம்தான் வெயிலுமுத்து ஊரில் அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தான். ஊருக்குப் போகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை வில்லையைச் சொந்தக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போவது பட்டறை வழக்கம். வில்லை நம்பருக்கு ஒரு ஆள் வந்தால் போதும். மேஸ்திரி நஜிமுதீன் அதை வாசலில் வாங்கிப் பலகையில் மாட்டுவார், புது முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், உள்ளே விடுவார். போனவன் வேலை பத்திரமாக இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் பெண்டாட்டியின் தம்பியிடம் வில்லையைக் கொடுத்தான். பாவி, அவன் கையையல்லவா வாங்கிக்கொண்டோம் என்று இப்போது நெஞ்சு வெந்தது.

டீ நேரத்தில் முதலாளி சொரிமுத்து கூப்பிட்டு அனுப்பினார். அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான்.

"ஒங் கையைக் காட்டுலே."

காட்டினான்.

"பத்து வெரலும் இருக்குல்லா? அன்னைக்குப் பலகையில தொங்குனது ஒன் வில்லை. அப்ப வேலைக்கு வந்தது நீ. ஒனக்குக் காயம் இல்ல. பொறவு நான் யாருக்கு நஷ்டஈடு குடுக்க?"

"நான் ஊர்ல கெடந்தேன் மொதலாளி. நின்னது இசக்கி. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது. எனக்குத் தெரியாம வில்லையைக் கைமாத்துனேன்னு நீ சொன்னா, ஒனக்கு இங்க வேலை இல்ல. எது வசதி?" குரலை இறக்கினார். "வீட்டுல கல்லு விழுந்து கை நசுங்கிட்டுன்னு தாள் எழுதி வச்சிருக்கேன். அவனை ரேகை வைக்கச் சொல்லு. ஆஸ்பத்திரிச் செலவு நான் தாரேன். ஒரே தண்ணி குடிச்ச ஆளுங்க நாம. நாளைக் காலையில பதில் சொல்லு."

சாயங்காலம் மாதுங்காவுக்கு நடந்தான். அங்கே வேங்கடசுப்ரமணியன் என்கிற ஆபீஸ் குமாஸ்தா, வேலை விட்டதும் தொழிற்சங்க அறையில் உட்கார்ந்து தொழிலாளிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பார்.

"வில்லை யார் பேர்ல இருந்தா என்ன?" என்றார் அவர். "பட்டறை வேலையைத்தானே செஞ்சார்? மேஸ்திரி பார்த்துத்தானே உள்ள விட்டார்? பதிலி ஆளானாலும் சட்டப்படி தொழிலாளிதான். போன விரலுக்கும் நஷ்டஈடு உண்டு, வேலை செய்ய முடியாம படுத்துண்டிருக்கற காலத்துக்கும் உண்டு. மொதல்ல நோட்டீஸ் அனுப்புவோம். மசியலேன்னா தொழிலாளி நஷ்டஈட்டுக் கமிஷனர்கிட்ட மனு. ஆனா அங்க வந்து, நின்னது இசக்கிதான்னு சொல்ல ஆள் வேணும். அந்தத் தாள்ல மட்டும் ரேகை வெச்சுடாதீங்கோ."

"சாட்சி சொன்னா என் வேலை நெலைக்குமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. தனியா நின்னா கஷ்டம்தான்."

குடிசையில் இசக்கி கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி சாய்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அத்தான், ரேகையை வச்சிருதேன். ஒங்க வேலையும் போச்சுன்னா எல்லாரும் பட்டினி. ரேகைக்கு இடது கைதானே? அது நல்லாத்தான இருக்கு."

அவன் அக்காள் பூமாரி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நல்லா இருக்கது அந்த ஒரு கைதாம்லே. அதையும் அவருக்கு எழுதிக் குடுக்கப் போறியா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய?"

வெயிலுமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினான். அவனோடு குழியில் நிற்கும் பூலோகத்தின் கதவை முதலில் தட்டினான். பிறகு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான்.

காலையில் பட்டறை வாசலில் முதலாளியே மேசை போட்டு நின்றார், கையில் அந்தத் தாளோடு.

"என்னலே?"

"எம் வில்லையில நின்னது இசக்கி. கமிஷனர் முன்னால அப்படித்தான் சொல்லுவேன்."

"அப்ப வில்லையை வச்சுட்டு வெளியே போ."

வைத்தான். இத்தனை வருஷம் சோறு போட்ட வில்லை.

பூலோகம் முன்னே வந்தான். "எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ எந்தம்பி நின்னான். ஆள் கொறையக் கூடாது, பதிலி கொண்டாலேன்னு சொன்னது நீங்கதான் மொதலாளி." அவன் வில்லையும் மேசைக்கு வந்தது.

"எங்க வாப்பா மௌத்தாகி நான் அடக்கத்துக்குப் போனப்போ எனக்குப் பதிலா பூதத்தான் நின்னான்" என்றான் ஜெயினுலாப்தீன்.

"ஆமா, நாந்தான் நின்னேன்" என்று பூதத்தானும் தன் வில்லையைப் போட்டான். வரிசை நகர நகர மேசையில் பித்தளை குவிந்தது.

சொரிமுத்து மேஸ்திரியைப் பார்த்தார். நஜிமுதீன் தரையைப் பார்த்தார். உள்ளே குழியில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"சரிலே, அவனவன் வில்லையை எடுத்துட்டு உள்ள போங்க. வெயிலுமுத்து, நீயும்தான். மத்ததைப் பொறவு பேசிக்கிடலாம்."

யாரும் கை நீட்டவில்லை. சந்து முனையில் இசக்கி அக்காள் தோளைப் பிடித்தபடி மெல்ல வந்துகொண்டிருந்தான்.

"இசக்கிக்கு ஒரு வில்லை அடிச்சுக் குடுங்க மொதலாளி" என்றான் வெயிலுமுத்து. "அவன் பேர்ல. அவனும் இங்க வேலை செஞ்ச ஆள்தான்னு ஆகட்டும். பொறவு நாங்க எங்களுதை எடுத்துக்கிடுதோம்."

சொரிமுத்து தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே போனார். வாசலுக்கு எதிரே சுவரோரமாக அவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் இசக்கிக்கு இடம் விட்டிருந்தார்கள். அவன் வந்து உட்கார்ந்தான்.