சாகாத துரியோதனன்

படார்!

கொல்லைப் பக்கம் சட்டி உடைந்த சத்தம். கூழ் வடாம் ஊற்றிக்கொண்டிருந்த ஜெயப்பிரியா தலையைத் தூக்குவதற்குள், பெரியவன் ஸ்ரீகாந்தின் கூச்சல் வந்தது.

"ம்மா! ஓடியா! ரத்தமெல்லாம் போச்சி!"

கரண்டி ஒரு பக்கம், கூழ்ப் பாத்திரம் ஒரு பக்கம். செருப்புகூடப் போடாமல் ஓடினாள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் சின்னவன் தினேஷ்குமார் நின்றிருந்தான். ஆறு வயதுப் பிள்ளை, உச்சந்தலையிலிருந்து முழங்கால்வரை செக்கச்செவேலென்று நனைந்திருந்தான். மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயப்பிரியா பாய்ந்துபோனாள். அப்படியே வாரி எடுத்தாள். மண்டையைத் தடவினாள், காதைத் திருப்பிப் பார்த்தாள், கையைக் காலை அழுத்திப் பார்த்தாள். எங்கேயும் காயம் இல்லை. மூக்கில் மஞ்சள் வாசனைதான் ஏறியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர்!

"இன்னாடா இது கண்றாவி?"

"துரியோதனன் ரத்தம்மா!" ஸ்ரீகாந்துக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. "தொடைக்குள்ள சட்டிய வெச்சி மண்ணு பூசி வெச்சிருந்தேன். இந்தக் கய்தை நோண்டி எடுத்துத் தலைக்கு மேல தூக்கிக் கல்லு மேல போட்டு ஒடச்சிட்டான்!"

அவன் காலடியில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். வாய்க்கால் களிமண்ணில் செய்த ஆள். ஆள் உயரத்துக்கு நீளம், கரி பூசிய மீசை, கிரீடத்துக்குப் பழைய முறம். வலது தொடையில் மட்டும் பெரிய பள்ளம்.

போன மாதம்தான் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா முடிந்தது. ராத்திரிக்கு ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம். கோயில் திடலில் ஒரு வீட்டு நீளத்துக்கு மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருந்தார்கள். பீமன் வேஷக்காரர் சுற்றிச் சுற்றி ஓடிவந்து தொடையில் அடித்தார். உள்ளே புதைத்திருந்த சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து அவள் வீட்டு வாண்டுகளுக்கு வேறு விளையாட்டே இல்லை. கிரிக்கெட் மட்டை பரண்மேல் தூங்கியது. செல்போனைக்கூட யாரும் கேட்பதில்லை.

"ஏன்டா ஒடச்ச?" என்று சின்னவனைக் கேட்டாள்.

"சும்மா."

"சும்மாவா! இவனுக்கு இதே வேலம்மா. நேத்து மீசைய அழிச்சான். அதுக்கு முன்னாடி கால வெட்டினான். வெளையாட்ட முடிக்கவே வுட மாட்டேன்றான்!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆதிலட்சுமியின் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி. இந்த வீட்டுப் பால் பொங்கினால்கூட அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

"இன்னா ஜெயா, புள்ளைங்கள வளக்கிறியா, கூத்து கம்பெனி நடத்துறியா?"

"நீங்களே ரெண்டையும் ஓட்டிக்கினு போங்கக்கா. புண்ணியமா போவும்."

"அதான் ஒண்ண நீயே ஓட்டிவுடப் போறியே!"

ஜெயப்பிரியா பதறிப்போய்க் கண்ணைக் காட்டினாள். ஆதிலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, ஸ்ரீகாந்த் துரியோதனன் தொடையில் மண் அப்புவதில் மும்முரமாக இருந்தான். சின்னவன் தன் வயிற்றில் வழிந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ராஜகுளம் தாண்டி ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கே ஸ்ரீகாந்துக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். ஒவ்வொரு இடமாக விசாரித்து அலைந்தவளும் அவள்தான். "கெடச்ச எடத்த வுட்டா மறுபடி கெடைக்குமா?" என்று புருஷன் வாயை அடைத்தவளும் அவள்தான். ஆனால் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு ராத்திரி வெங்கடேசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "சேத்தது நீ. சொல்றதும் நீயே சொல்லு. என்னால ஆவாது."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கோடை விடுமுறையே கரைந்துவிட்டது. பிள்ளை அழுதால் என்ன செய்வது என்பதைவிட, பிள்ளை அழுதால் தன் மனசு மாறிவிடுமே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

அவள் திரும்பி வந்தபோது ஆதிலட்சுமியின் ஆடு பாதி வடாமை முடித்திருந்தது.

மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் தொட்டிக்குள் குதித்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் ஆள் கனத்துக்கு விழுந்தது. அதற்கு அடியில் தலையைக் கொடுத்து யார் அதிக நேரம் தாங்குவது என்று போட்டி. சின்னவன் முதுகிலிருந்து சிவப்பு கரைந்து தொட்டி முழுக்க ரோஸ் மில்க் ஆனது.

ஜெயப்பிரியா தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து நுங்கு சீவினாள். பெருநகர் ரோட்டு மரத்து நுங்கு. கட்டை விரலால் குத்தி ஆளுக்கொன்று உறிஞ்சினார்கள். வெயில் தணலாகக் கொட்டினாலும் வேப்பமர நிழலும் தண்ணீர்ச் சாரலுமாக அந்த இடம் மட்டும் குளுகுளுவென்றிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஸ்ரீ, ஸ்கூல் தொறக்கப் போறாங்க இல்ல..."

"ஆமாம்மா! இந்த வருசம் இவனும் ஒண்ணாங்கிளாஸ்." ஸ்ரீகாந்த் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "மொத நாளு நான்தான் கூட்டிக்கினு போயி ஒக்கார வெப்பேன். நீ வரக் கூடாது. நீ வந்தா இவன் அழுவான். நான் ஆறாங்கிளாஸ்லருந்து ஜன்னல் வழியா பாத்துக்கினே இருப்பேன். எவனாவது மேல கைய வெச்சான்..."

கையில் இருந்த நுங்குக் கூடே எதிரியின் தலை என்பது போல ஓங்கிக் காட்டினான்.

ஜெயப்பிரியா குனிந்து அடுத்த நுங்கைச் சீவத் தொடங்கினாள். சின்னவன் நுங்கைக் கீழே வைத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினான். வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தான்.

மதியத்தில் அடுத்த கலாட்டா. பீமனுடைய கதாயுதத்தைக் காணவில்லை. காய்ந்த தேங்காயைத் தடியில் செருகி, ஜிகினாத் தாள் சுற்றி, ஸ்ரீகாந்த் பார்த்துப் பார்த்துச் செய்தது. வீடு முழுக்கத் தேடினார்கள். கடைசியில் உலை வைக்க அரிசி எடுக்கப்போன ஜெயப்பிரியா டிரம்முக்குள் கையை விட்டதும் கதாயுதம் தட்டுப்பட்டது.

"ஏன்டா, அரிசிக்குள்ளயா ஒளிச்சி வெப்ப?"

"பீமனுக்குப் பசிக்கும்ல," என்றான் தினேஷ். முகத்தில் சிரிப்பில்லை.

நான்கு மணிவாக்கில் வெங்கடேசன் வந்தான். ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ரோட்டு முனையில் இறக்கிவிடும். வந்ததும் வராததுமாக, "ஸ்ரீ, சட்டைய மாட்டு. உத்திரமேரூர் போயி ஷூ வாங்கியாரலாம்," என்றான்.

"எதுக்கு நைனா ஷூ? நம்ம ஸ்கூல்ல எல்லாரும் செருப்புதான?"

வெங்கடேசன் மனைவியைப் பார்த்தான். இன்னுமா சொல்லவில்லை என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் முந்தானை நுனியை முறுக்கினாள்.

"ஓட்டப் பந்தயம் ஓட. வா, வா. வரும்போது பரோட்டா."

பரோட்டா என்றதும் ஸ்ரீகாந்துக்கு ஒரு கால் கிளம்பிவிட்டது. மறு கால் நகரவில்லை. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் துண்டு கட்டிய நூல்.

"வர முடியாது நைனா. காப்பு கட்டிக்கினு கீறேன்."

"யார்ரா கட்டினது?"

"தினேஷு. அவன்தான் பூசாரி. காப்பு கட்டினவன் ஊர் எல்லைய தாண்டக் கூடாதில்ல?"

நூலை அறுத்துப் போடுடா என்று வெங்கடேசனுக்கு வாய்வரை வந்தது. ஆனால் எந்த வாயால் சொல்வது? போன மாதம் கோயில் காப்பு கட்டிக்கொண்டு, படுகளம் முடியும்வரை கம்பெனிப் பக்கமே போகாமல் இருந்தவன் அவன். "எல்லை தாண்டினா உனக்கு இன்னாய்யா ஆவும்?" என்று சூப்பர்வைசர் போனில் கத்தியபோது, "எனக்கு ஒண்ணும் ஆவாது சார், ஊருக்கு ஆவும்," என்று சொல்லி மெமோ வாங்கியவன். பிள்ளைகள் அதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள்.

"சரி, எப்ப அவுப்பீங்க?"

"துரியோதனன் சாவணும். செத்தாதான் பூசாரி அவுப்பான்."

"அவ்ளோதான? வா, இப்பவே சாவடிச்சிட்டுப் போலாம்!"

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வெங்கடேசனும் மண்ணில் இறங்கினான். அவ்வளவுதான், கொல்லை திருவிழா ஆகிவிட்டது. வாய்க்காலில் இருந்து புது மண் வந்தது. தொடை நிரம்பியது. ஊறுகாய்ச் சட்டி ஒன்றை ஆதிலட்சுமி வேலிக்கு மேலாகக் கொடுத்தாள். கூடவே தானும் வந்து கல்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வெங்கடேசன் மேளம் தட்டினான்.

"திரௌபதி யாரு?" என்றாள் ஆதிலட்சுமி.

"அம்மாதான். தலைய விரிச்சி வுடும்மா!"

"போடா, எனக்கு வேற வேல இல்ல."

"வுடும்மே," என்றான் வெங்கடேசன். "வூட்ல தெனமும் தலைய விரிச்சிக்கினு ஆடுறதுதான? இன்னிக்கி மேளத்தோட ஆடு."

ஆதிலட்சுமி கல்லிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். ஜெயப்பிரியாவும் சிரித்துக்கொண்டே கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே வெங்கடேசன் அவள் காதருகே குனிந்தான்.

"இது முடிஞ்சதும் நீயும் வா. பரோட்டா சாப்புடும்போது பதமா சொல்லிடு."

"வாயில பரோட்டாவ வெச்சிக்கினு அழுவானே புள்ள."

"அப்போ எப்பதான் சொல்லுவ? சனிக்கெழம ராத்திரியா?"

பெரியவன் கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு துரியோதனனைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். போன வருஷத்து டிரவுசர் தொடைக்கு மேலே ஏறியிருந்தது. அவன் ஓட ஓட, இவனை இப்படி ஓட வைத்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லித்தான் ஆக வேண்டும். சாயந்திரமே சொல்லிவிட வேண்டும்.

"டேய் துரியோதனா! சபையில எங்கம்மா தலைமுடிய..." ஸ்ரீகாந்துக்கு வசனம் மறந்துவிட்டது. "...எங்கம்மாவ அழ வெச்ச இல்ல? இந்தா வாங்கிக்கோ!"

குடம் தடதடத்தது. கதாயுதம் தலைக்கு மேலே போனது.

எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. தினேஷ் ஓடிவந்து துரியோதனன் தொடைமேல் குப்புற விழுந்தான். இரண்டு கையாலும் மண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டான். ஸ்ரீகாந்த் கதாயுதத்தை அந்தரத்தில் பிடித்து நிறுத்தினான். இல்லாவிட்டால் தம்பி முதுகில்தான் இறங்கியிருக்கும்.

"பாரும்மா! மறுபடியும்!"

"டேய், எய்ந்திருடா," என்று வெங்கடேசன் மேளத்தை நிறுத்தினான்.

"மாட்டேன்."

"உனக்கும் ரெண்டு பரோட்டா வாங்கியாரேன். எய்ந்திரு."

"வாணாம்."

"அடப்பாவி, பரோட்டாவே வாணாமாம்!" என்று ஆதிலட்சுமி மோவாயில் கை வைத்தாள். "பேய் கீய் அடிச்சிச்சா புள்ளைய?"

வெங்கடேசன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பிள்ளையோடு துரியோதனனின் தொடையும் பெயர்ந்து வந்தது. விட்டுவிட்டான். தினேஷின் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. சத்தமே இல்லாமல் அழுதான்.

ஜெயப்பிரியா விரித்த கூந்தலோடு மண்ணில் மண்டியிட்டாள். பிள்ளையின் முகத்தைத் திருப்பினாள். மூக்கு, கன்னம், இமை எல்லாம் களிமண். கண்ணீர் வந்த வழி மட்டும் இரண்டு கோடாகத் தெரிந்தது.

"இன்னாடா கண்ணு? அம்மாகிட்ட சொல்லு. துரியோதனன் கெட்டவன்தான? அவன் செத்தா உனக்கு இன்னா?"

ஸ்ரீகாந்தும் கதாயுதத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

தினேஷ் அண்ணனைப் பார்த்தான், நைனாவைப் பார்த்தான், கடைசியில் அம்மாவைப் பார்த்தான்.

"இவன் செத்துட்டா அண்ணன் காப்ப அவுக்கணும்... அவுத்துட்டா நீங்க அண்ணன ஆஸ்டல்ல கொண்டுபோயி வுட்டுட்டு வந்துடுவீங்க."