வெனிலா கொண்டுவந்த கிரீம்

ஜாக்குலினுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளையின் அக்கா வெனிலா திண்டிவனத்திலிருந்து முகையூருக்கு வந்து, முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் ஒன்றைக் கொடுத்தாள். மூன்றே நாளில் ஜாக்குலினின் கன்னம் எரிந்து சிவந்தது. அவள் அதை நிறுத்திவிட்டு, பழையபடி பயத்தமாவைத் தயிரில் குழைத்துப் பூசினாள். எரிச்சல் அடங்கியது.

மறுவாரம் வெனிலா மறுபடி வந்தாள். "கிரீம் போடலியா? போட்டோல கருப்பா தெரிவியே!"

"கருப்பா இருக்கறவ கருப்பாதான் தெரிவேன் அண்ணி. மூஞ்சி எரிய எரிய என்னால மணமேடையில நிக்க முடியாது" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள் ஜாக்குலின்.

வெனிலா டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கைக்குட்டையால் தன் கன்னத்துப் பவுடரைத் துடைத்தாள். அடியில் சிவந்த தடிப்புகள் இருந்தன.

"எனக்கும் மூணு மாசமா எரிஞ்சிக்கினுதான் இருக்குது."

"மொதல்ல அத நிறுத்துங்க அண்ணி" என்ற ஜாக்குலின், கிண்ணத்தில் இருவருக்குமாக மாவைக் கொட்டினாள்.