பிரிட்ஜுக்குள் தொண்ணூறு நாள்

வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு ஒழுங்கை முனையைத் திரும்பிக் கண்ணுக்கு மறைந்ததும் பர்ஸானா செய்த முதல் வேலை, சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததுதான். மூன்றரை. பார்த்த மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. வாப்பாவை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோகிறார்கள், பெற்ற மகள் மணி பார்க்கிறாள்!

பார்க்காமல் என்ன செய்வது? நாலு மணிக்கு இணையம் வழியே நேர்முகம். ஆராய்ச்சியில் புதிதாகக் கால் வைத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நிதி. கலாநிதிப் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டக் கூடாது என்பது சட்டம். அவளுடைய ஐந்து வருடம் இந்த மாதத்தோடு சரி. பகல் கொழும்புக்குப் போன் எடுத்து வேறு நாள் கிடைக்குமா என்று கேட்டாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது ஒரு குரல். அடுத்த வருடம் அவளுக்குக் கேட்கவே உரிமை இல்லை. வாவியில் நஞ்சுப் பாசி எப்படி வருகிறது என்ற அவளுடைய கேள்வியை, அதோடு மடித்து வைக்க வேண்டியதுதான்.

அந்தக் கேள்விக்காகத் தொண்ணூறு நாளாக விடியற்காலையில் தண்ணீர் எடுத்தவர் வாப்பா ஆதம்பாவா. வலை இழுத்துவிட்டு, ஒரே இடத்தில் தோணியை நிறுத்தி, ஒரு போத்தல் நிரப்புவார். பேப்பர் ஒட்டித் திகதி எழுதுவார். காற்று எப்படி என்றும் எழுதுவார். அதை யாரும் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். ஆராய்ச்சிப் போத்தல் வாங்கப் பல்கலைக்கழகத்தில் காசு இல்லாததால் எல்லாம் சின்னச் சோடாப் போத்தல்கள். கல்யாண வீடுகளில் பொறுக்கி வருவார். "மகள்ட ஆராய்ச்சிக்கு" என்று ஊரெல்லாம் பெருமை வேறு.

இன்று காலையும் போனார். பக்கத்துத் தோணிக்காரன் ஸியாம் பார்த்தபோது வாப்பாவின் தோணி தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் தலை சாய்த்திருந்தார்.

"வந்திரிக்கிற ஆக்கள நான் பாத்துக்குவன். நீ பேசு மகள்," என்றா உம்மா கைறுன்னிஸா, கட்டிலில் இருந்தபடி. வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் வெளியார் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவுக்கு உட்கார்ந்தாயிற்று. சத்தமில்லாத அறை அது ஒன்றுதான். மடிக்கணினியை அங்கேயே வைத்தாள்.

திரையில் காட்ட ஒரு போத்தல் எடுப்போம் என்று பர்ஸானா குசினிக்குப் போய்ப் பிரிட்ஜைத் திறந்தாள். போத்தல்கள் அடுக்காக இருந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றில்கூடப் பாசிப் பச்சை இல்லை.

"மாமி... இது?"

றஸீனா மாமி, வாப்பாவின் தங்கை, அழுது வீங்கிய முகத்தோடு திரும்பினா. "அதுவா புள்ள? பழைய தண்ணி நாறிக் கிடந்திச்சு. காலையிலயே எல்லாத்தையும் கொட்டிக் கழுவி, நல்ல தண்ணி நிரப்பி வெச்சன். வெயில்ல வந்த சனம் தாகத்தோட போறதா?"

"நல்ல வேலை மாமி," என்றாள் பர்ஸானா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முன் வாசலில் ஒருத்தி போத்தலை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி உரிந்த பேப்பரில் வாப்பாவின் எழுத்து: காத்து இல்ல. அப்போதுதான் பர்ஸானாவுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. வாப்பாவுக்கா, போத்தலுக்கா? அல்லாவே, அதுகூடப் பிரித்துத் தெரியவில்லை.

நாலு மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் சொன்னாள். நன்றாகத்தான் போனது. பிறகு தலைவி அம்மையார் கேட்டா: தொண்ணூறு நாள் மாதிரிகளும் பத்திரமாக இருக்கின்றனவா? நிதி தருவதென்றால் அவற்றைத்தான் முதலில் பரிசோதிப்போம்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கொழும்பிலிருந்து யார் வந்து பிரிட்ஜைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பர்ஸானா வாயைத் திறந்தாள்.

"இல்லை. குடித்துவிட்டார்கள்."

"குடித்தார்களா? யார்?"

"வீட்டுக்கு வந்தவர்கள். அதாவது, தண்ணீரை அல்ல. அதைக் கொட்டிவிட்டார்கள். போத்தலில்..." கோர்வை அறுந்தது. "என்னுடைய வாப்பாவின் ஜனாஸா."

"எப்போது?"

"இப்போது."

மூன்று முகங்களும் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆழ்ந்த அனுதாபம் என்றார்கள். முடிவை அறிவிப்போம் என்றார்கள். திரை கறுத்தது.

"என்ன செல்றாங்க?" உம்மா கேட்டா.

"தெரியா உம்மா. ஒண்டும் விளங்கல்ல."

உம்மா தலையணைக்கடியில் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தா. பச்சை ஓடிய தண்ணீர். பேப்பர் ஒட்டவில்லை. "வாப்பாட மடியில இரிந்ததாம். ஸியாம் தந்தான். இதுவும் ஒன்ட சாமான்தானே?"

ஒன்று. ஒன்றை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது. அது பர்ஸானாவுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டாள்.

உம்மா கையை விடவில்லை. "மூடி வாப்பா மூடினது மகள். தொறக்காத."

திறக்காமல் எப்படிச் சோதிப்பது? பேப்பர் ஒட்டித் திகதி எழுதினாள். காற்று எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

குசினிக்குப் போய்ப் போத்தலைப் பிரிட்ஜின் மேல் தட்டில், பின்பக்கமாக வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்போது ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டது. மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், எல்லார் காலிலும் மண்.

"தண்ணி இரிக்கா?" என்று ஸியாமின் குரல் கேட்டது.

"இரிக்கி மகன், நல்ல குளிர்த் தண்ணி இரிக்கி," என்று சொல்லிக்கொண்டே றஸீனா மாமி குசினிக்குள் வந்தா.

பர்ஸானா பிரிட்ஜின் கதவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எழும்பு புள்ள. ஆம்பிளைகள் நிக்கிறாங்க."

அவள் எழும்பவில்லை.