முன்பா, பிறகா

சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க அக்கா பொண்ணு அந்தப் பாஷையிலதான் டிகிரி படிக்கிறா. அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று முதலாளியிடம் அளந்துவிட்டிருந்தார். புது பாய்லரைப் பொருத்த வந்த வெளிநாட்டு மெக்கானிக்கோடு அவர் பாஷையில் பேச ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அவள் வந்து மாட்டினாள்.

வகுப்பில் ஒரு விகுதி பிசகினாலும் பேராசிரியர் நிற்கவைத்துச் சிரிப்பார். வீட்டில் அப்பா, "இதைத்தான் படிச்சுக் கிழிச்சியா?" என்பார். அதனால் வாக்கியத்தை மனசுக்குள் முழுசாகக் கோத்துப் பார்க்காமல் அவள் வாயே திறப்பதில்லை. முதலாளிக்கும் அந்தப் பாஷையில் வணக்கம், நன்றி அளவுக்குத் தெரியும். காலையில் அவள் மெக்கானிக்கிடம் சொன்ன வணக்கத்திலேயே, "பெரியவங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்களே" என்று குறை கண்டுபிடித்துவிட்டார்.

மெக்கானிக் சாப்பிட வெளியே போயிருந்தபோது பாய்லர்காரர் கத்தினார். பாய்லரின் தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் மட்டத்தைக் காணோம். கீழே தீ எரிந்துகொண்டிருந்தது. இரும்புத் தகடு காய்ந்த நாற்றம் வந்தது.

"பழசுல இப்படி ஆனதே இல்லம்மா. தண்ணி திறந்துவிடவா? அந்தாளைக் கேளு, சீக்கிரம்!" அவர் கை வால்வின் மேல் இருந்தது.

மாமா போன் போட்டு அவள் கையில் திணித்தார். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னதும், மறுமுனையில் மெக்கானிக் படபடவென்று கொட்டினார். 'தண்ணீர்' புரிந்தது. 'ஆறுவது' புரிந்தது. தண்ணீர் விடுவது ஆறும் முன்பா, ஆறிய பிறகா? வினையின் வாலில் ஒட்டும் ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம். அதைத்தான் காது தவறவிட்டது.

"என்ன சொல்றாரு?" என்றார் முதலாளி.

திரும்பக் கேட்க வேண்டும். எந்த விகுதி? மரியாதைப் பன்மையா? வாக்கியம் பாதியிலேயே அறுந்து அறுந்து போயிற்று. பாய்லர் உள்ளிருந்து 'டக்' என்று சத்தம் கேட்டது.

"படிச்ச பொண்ணுதானே, சொல்லேன்!" மாமா கெஞ்சினார்.

"நான் திறக்கிறேன்" என்று பாய்லர்காரர் வால்வைத் திருகப் போனார்.

அவள் போனில் கத்தினாள். வேற்றுமை, காலம் எதுவும் இல்லாமல் பச்சைக் குழந்தைபோல: "தண்ணீர்! இப்போ! ஆமா? இல்லை?"

"இல்லை! இல்லை!" என்று அலறினார் மெக்கானிக். "தீ, இல்லை! ஆள், வெளியே!" அவரும் அவளைப் போலவே பேசினார்.

"தொடாதீங்கண்ணா! தீயை அணைங்க! எல்லாரும் வெளியே!"

பாய்லர்காரர் பர்னரை அணைத்துவிட்டு ஓடிவந்தார். முற்றத்தில் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். காய்ந்த இரும்பில் தண்ணீர் விழாததால் வெடிக்கவில்லை. உள்ளே இரும்பு முனகி முனகி ஆறும் சத்தம் மட்டும் கேட்டது. பாய்லர்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமாப் படிக்கிறதாச் சொன்னாங்க. இப்படியா பேசுவாங்க?"

போனில் மெக்கானிக் எதையோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி புரியவில்லை. முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மெதுவா. மறுபடி" என்றாள் அந்தப் பாஷையில். அதுவும் தப்பாகத்தான் வந்தது.